சும்மா கிடக்கும் நெஞ்சு

வீட்டில் அவளுக்கு முரண்டு என்று பெயர். வைத்தவள் அக்கா. சின்ன வயதில் ஒருநாள் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்ததைப் பார்த்து யாரோ சிரித்துவிட்டார்கள். "நான் இப்படித்தான் போடுவேன்" என்று அதே காலோடு கடைத்தெரு வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தாள். காலில் கொப்புளம் வந்தது. செருப்பு மாறவில்லை. அதற்கப்புறம் அக்கா வாயில் அவளுடைய சொந்தப் பெயர் வந்ததே கிடையாது.

வளர்ந்து நர்ஸ் ஆனாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் குறைமாதக் குழந்தைகள் வார்டில் வேலை. அங்கே பேர் எடுத்து, நாலு பேருக்கு வேலை சொல்லும் இடத்துக்கு வந்த பிறகு, ஒரு வருஷம் சம்பளமில்லாத விடுப்பு வாங்கிக்கொண்டு, டாக்டரும் நர்ஸும் போதாமல் தவிக்கும் ஒரு நாட்டுக்குத் தொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

"இங்க அழுற குழந்தைங்க சத்தம் உன் காதுல விழாதாடி? கடல் தாண்டிப் போய்த்தான் தூக்கணுமா?" என்று கேட்டாள் அக்கா. அவள் தையல் கடைக்காரி. சண்டை போடும்போதும் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டுதான் போடுவாள். அதனால் அவள் திட்டு எப்போதும் பல்லிடுக்கு வழியாகவே வரும்.

"இங்க நான் தூக்கலைன்னா இன்னொருத்தி தூக்குவா. அங்க ஆளே இல்லையாம்."

"போ, போ. உன்னை யாரு நிறுத்த முடியும்? தியாகி!"

"இன்னொரு தடவை அந்த வார்த்தையைச் சொன்னே, இந்தப் பெட்டியை உன் மெஷின் மேல போட்டுடுவேன்."

அந்த வார்த்தை அவளுக்கு ஆகாது. தியாகி என்று மாலை போட்டுவிட்டால் அப்புறம் கரண்ட் கேட்க முடியாது, கையுறை கேட்க முடியாது, படத்துக்குச் சிரித்தபடி நிற்க மட்டும்தான் முடியும் என்பது அவள் கட்சி.

போன இடத்தில், லாரிகள் ஓடும் மண்சாலையை ஒட்டி நீளமாக ஒரே கட்டடம். அதுதான் ஆஸ்பத்திரி. ஒரு கோடியில் ஆபரேஷன் தியேட்டர், மறு கோடியில் சமையலறை, நடுவில் பிரசவ வார்டு. தகரக் கூரை. மழை பிடித்துவிட்டால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கூரை பேசுவதைக் கேட்க வேண்டியதுதான். கரண்ட் வரும், போகும். சொல்லிக்கொண்டு போகிற வழக்கமெல்லாம் அதற்குக் கிடையாது. ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. டீசல் தட்டுப்பாடு என்பதால் ஆபரேஷன் நடக்கும்போது மட்டும் அதை ஓட்டுவார்கள். டாக்டர் ஒருவர்தான். அவரும் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சேர்த்து ஒருவர். வார்டைப் பார்த்துக்கொள்ள முரண்டும், அவளோடு ஊரிலிருந்து வந்த இன்னொரு நர்ஸும். அந்தப் பெண் வயதில் இளையவள், எல்லாருக்கும் சின்ன சிஸ்டர்.

அந்த ஊர் பாஷையை முரண்டு தட்டுத் தடுமாறிப் பிடித்துக்கொண்டாள். அவள் பேசினால் வார்டே சிரிக்கும். சிரித்தாலும் சொன்னதைச் செய்வார்கள். அவர்கள் பேசியது நம் பேச்சில் இப்படித்தான் இருக்கும்.

வார்டின் நட்டநடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. குறைமாதக் குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் இன்குபேட்டர். தூர தேசத்துச் சங்கம் ஒன்று அனுப்பி வைத்தது. நெற்றியில் பித்தளைத் தகடு பதித்துச் சங்கத்தின் பெயரைப் பொறித்திருந்தார்கள். முரண்டுக்கு அதைப் பார்த்ததும் ஊரிலிருந்து மாமா வந்து உட்கார்ந்திருப்பது போல ஒரு தெம்பு. வருஷக்கணக்காகப் பழகிய மாடல். எந்தத் திருகு எதற்கென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள்.

அந்தத் தெம்புதான் அவளைக் கவிழ்த்தது.

ஒருநாள் லாரிக்காரர் ஒருவரின் பெண்டாட்டிக்கு மாதம் நிறையும் முன்பே ரத்தப்போக்கு. மதியம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நல்லவேளை, டாக்டர் ஊரில் இருந்தார். ஜெனரேட்டரைப் போட்டார்கள், வயிற்றைக் கிழித்தார்கள், குழந்தை வந்தது. பெண். உள்ளங்கையில் வைத்தால் கால் மட்டும் வெளியே தொங்கும் அளவு. அழுதாள், மூச்சு சீராக இருந்தது. முரண்டு துடைத்து, குல்லாய் போட்டு, ஜெனரேட்டர் கரண்டில் சூடேறியிருந்த பெட்டிக்குள் வைத்தாள். தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை என்று தியேட்டருக்குள் திரும்ப ஓடினாள். சின்ன சிஸ்டரும் அங்கேதான்.

ரத்தம் நின்றது. தையல் போட்டு முடித்தார்கள். வெளியே ஜெனரேட்டரும் நின்றது. அந்தத் தடதடப்பு ஓய்ந்ததும் முரண்டுக்கு நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி. அப்பாடா, முடிந்தது. கையைக் கழுவினாள், தாயின் நாடியைப் பார்த்தாள், ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

அவள் பழகிய வார்டில் கரண்ட் போனால் பெட்டி தானாக வேறு கரண்டுக்கு மாறிக்கொள்ளும். மாறாவிட்டால் ஊரைக் கூட்டும்படி கத்தும். சத்தம் என்றால் ஆபத்து, அமைதி என்றால் எல்லாம் நலம். அப்படிப் பழக்கிய காது அது. இங்கே ஜெனரேட்டர் நின்றதும் பெட்டியும் நின்றது. கத்த வேண்டிய பேட்டரி எந்தக் காலத்திலோ செத்திருந்தது. அமைதி அமைதியாகவே இருந்தது.

வார்டுக்குள் வந்து கண்ணாடியில் கை வைத்தாள். சூடே இல்லை. திறந்து உள்ளே தொட்டாள். குழந்தையின் பாதம் பச்சைத் தண்ணீரில் நனைத்தது போல இருந்தது. அழக்கூட இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள். சூடான பொருள் ஒன்றுகூட அங்கே இல்லை, அவளைத் தவிர. யூனிஃபாரம் பட்டனைக் கழற்றினாள். குழந்தையை எடுத்துத் தன் நெஞ்சின் வெறும் தோலோடு தவளை போல ஒட்ட வைத்தாள். மேலே யூனிஃபாரத்தை மூடி, கட்டில் விரிப்பு ஒன்றை உருவி இடுப்போடு இறுக்கிக் கட்டினாள். குழந்தையின் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, மூக்குக்கு வழி விட்டாள். அப்படியே வார்டில் நடந்தாள். ஒரு கட்டிலில் டிரிப் மாற்றினாள், இன்னொரு கட்டிலில் பிரஷர் பார்த்தாள். மனசுக்குள் தன்னையே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனாள். எந்த நேரத்தில் பாதம் வெதுவெதுப்பானது என்று அவளுக்கே தெரியவில்லை. திடீரென்று நெஞ்சில் ஒரு சின்ன உதை. அப்புறம் ஒரு சிணுங்கல்.

"அக்கா, அழுறா!" என்றாள் சின்ன சிஸ்டர்.

"அழட்டும். நல்லா அழட்டும். எனக்குப் பதிலா அவளாவது அழட்டும்."

தாய் எழுந்திருக்கும் நிலையில் இல்லை. முரண்டுக்கு வேறு வேலைகள் காத்திருந்தன. வாசலில் லாரிக்காரர் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார். கதவை அடைத்தது போல ஆள்.

"உள்ள வாங்க அண்ணா. சட்டையைக் கழட்டுங்க."

லாரிக்காரர் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். "நானா?"

"உங்க மகதானே? நீங்கதான்."

"பொம்பளைங்க வார்டு சிஸ்டர்..."

"பெத்துட்டு ஓய்ஞ்சு கிடக்கிறாங்க. உங்க தொப்பையைப் பாக்க யாருக்கும் தெம்பில்லை."

"எங்களுக்குத் தெம்பிருக்கு. கழட்டட்டும்!" என்றாள் மூலைக் கட்டில்காரி. வார்டு முழுக்கச் சிரிப்பு. லாரிக்காரர் காது வரை சிவந்து, சுவரைப் பார்த்தபடி சட்டையைக் கழற்றினார்.

"ஸ்டியரிங் பிடிச்ச கை சிஸ்டர் இது. நசுக்கிடுவேன்."

"கைக்கு வேலையே கிடையாது. நெஞ்சு போதும். அதுதான் இவ்வளவு நாளா சும்மா கிடக்கே."

குழந்தையை அவர் மேல் வைத்துக் கட்டியதும் அந்த மனிதர் மூச்சு விடுவதையே நிறுத்திவிட்டார். "மூச்சு விடுங்க அண்ணா. நீங்க விடுற மூச்சைப் பாத்துத்தான் அவ விடக் கத்துப்பா" என்று சொல்லி அவரை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்தாள்.

அடுத்து வந்த நாட்களில் முரண்டு ஒரு வேலை செய்தாள். தப்பு தன்னுடையதா, பெட்டியுடையதா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். குழந்தைக்குப் பதிலாகத் தண்ணீர் பாட்டில் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து, தெர்மாமீட்டரைச் செருகி, காலையில் பார்த்தாள், மதியம் பார்த்தாள், கரண்ட் போனதும் பார்த்தாள், வந்ததும் பார்த்தாள். போனால் வேகமாக ஆறியது. வந்தால் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்காமல் சூடு மேலே ஏறியது. பேட்டரிக்கு ஊர் முழுக்கச் சொல்லி வைத்தும் கிடைக்கவில்லை. தப்பில் பாதி தன்னுடையது, பாதி பெட்டியுடையது என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். தன் பாதியைத் திருத்திக்கொள்ள முடியும். பெட்டியைத் திருத்த முடியாது. டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"நெஞ்சோட கட்டுறதே நல்லதும்மா. மூச்சு சீரா இருக்கிற குழந்தைக்கு அதைவிட நல்ல பெட்டி இங்க ஏது? தொடர்ந்து செய்யுங்க" என்றார் அவர். ஒரு நொடி விட்டு, "ஆனா சங்கத்துக்காரங்ககிட்ட என் பேரை இழுக்காதீங்க" என்றும் சொன்னார்.

அன்றிலிருந்து பெட்டி, கரண்ட் இருக்கும் நேரத்தில் கம்பளித் துணி சூடுபண்ணும் அலமாரியாயிற்று. சிறிசாகப் பிறந்தவர்களெல்லாம் அம்மா, அத்தை, சித்தி, யார் கிடைத்தார்களோ அவர்கள் சட்டைக்குள். லாரிக்காரர் லோடு அடிப்பதை நிறுத்திவிட்டு வார்டிலேயே தங்கிவிட்டார். தாயிடமிருந்து பால் கறந்து குழந்தைக்குச் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவார்கள். முடிந்ததும் மறுபடி அவர் நெஞ்சு. தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்து அடக்குவார். தாய் கட்டிலில் படுத்தபடியே, "என்னை இப்படி ஒருநாள் தாங்கியிருப்பியா?" என்று கேலி பேசுவாள்.

இதையெல்லாம் போனில் கேட்ட அக்காவுக்கு வேறு கவலை.

"பெட்ஷீட்லயா கட்டுறீங்க? முடிச்சு நழுவினா? உனக்கு அறிவிருக்காடி?"

"வேற துணி இல்லை."

"இதுக்குத்தான் சொன்னேன், ஊர்லயே இருன்னு. உன் ஆஸ்பத்திரியிலேருந்து ஆள் வந்து கேட்டுட்டுப் போச்சு. வந்து சேரு."

"வருஷம் முடியட்டும்."

குண்டூசிக்குள்ளிருந்து ஒரு உறுமல். போன் கட்டாயிற்று.

அப்போதுதான் கேம்ப் சார் வந்தார். இவர்களையெல்லாம் ஊரிலிருந்து கூட்டி வந்து, இருப்பிடம், விசா, மருந்து வண்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர். வெயிலானாலும் மழையானாலும் வெள்ளைச் சட்டை. கெட்ட மனிதர் இல்லை. யாராவது முகம் சுளித்துவிடுவார்களோ என்ற பயத்திலேயே முடி நரைத்தவர்.

"சிஸ்டர், நல்ல சேதி! சங்கத்துத் தலைவி மேடமே வர்றாங்க. வர்ற வாரம். கேமராவோட. அந்த இன்குபேட்டருக்குள்ள குழந்தை படுத்திருக்கிற மாதிரி ஒரு படம் எடுக்கணுமாம்." பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன இது? துணி?"

"கம்பளி சார்."

"குழந்தை எங்கே?"

முரண்டு லாரிக்காரரின் நெஞ்சைக் காட்டினாள். நடந்ததைச் சொன்னாள், பாட்டில் வைத்துப் பார்த்ததைச் சொன்னாள். கேம்ப் சார் கேட்டுக்கொண்டார். தலையையும் ஆட்டினார். கடைசியில் சொன்னார்: "ஒரே ஒரு மணி நேரம் சிஸ்டர். மேடம் போனதும் எடுத்துடலாம்."

"அந்த ஒரு மணி நேரம் சூடு ஏறாது, இறங்காதுன்னு நீங்க பொறுப்பு ஏத்துக்கிறீங்களா?"

"பக்கத்துலயே நீங்க நிக்கப் போறீங்க. என்ன ஆயிடும்?"

"கைக்குள்ள அடங்குற குழந்தை சார். வெயிட் கூட இப்பதான் தேறுது. படத்துக்காக எடுத்துக் கிடத்த மாட்டேன்."

கேம்ப் சார் குரலைத் தாழ்த்தினார். "மருந்து வண்டி யாரு தயவுல வருதுன்னு தெரியுமில்ல? அவங்க மனசு கோணினா வண்டி நின்னுடும். அப்ப எத்தனை பேரு கஷ்டப்படுவாங்க? நீங்க ஒரு குழந்தையைப் பாக்கறீங்க. நான் எல்லாரையும் பாக்கறேன்."

அது நியாயமான அடி.

"யோசிங்க. மாட்டேன்னா, மேடம் போனதும் என் ஜீப்புலயே நீங்களும் ஏற வேண்டியதுதான். ஊருக்கு டிக்கெட் போட்டுடுவேன். அப்புறம் படம் எடுக்க யாரு வந்தாலும், சின்ன சிஸ்டர்கிட்ட சொன்னா அவங்க குழந்தையைப் பெட்டியில வைப்பாங்க." சொல்லிவிட்டுப் போனார்.

முரண்டு கொல்லைப்புறத்துக் குழாயடியில் பால் கிண்ணங்களைத் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். மருந்து வண்டி நின்றால்? உண்மையிலேயே நின்றால்? தான் பிடிப்பது நியாயமா, வெறும் முரண்டா? செருப்பு மாற்றிப் போட்டதும் இப்படித்தான் தொடங்கியது. ஒரு கிண்ணத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்த சின்ன சிஸ்டர் மெல்லக் கேட்டாள்: "நீங்க போயிட்டா, சார் வந்து என்கிட்ட சொல்லுவாரே. நான் என்னக்கா செய்யறது?"

"நீ என்ன செய்வே?"

"எனக்குப் பயமா இருக்கும். வெச்சுடுவேன்னு நினைக்கிறேன்."

ஒளிவுமறைவு இல்லாத அந்தப் பதில்தான் முரண்டை முடிவு பண்ண வைத்தது. கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். "அப்ப நான் போகலை" என்றாள்.

மேடம் வருகிற அன்று காலை வார்டில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டும் ஆண், இரண்டும் பொடிசு. தாய் சோர்ந்திருந்தாலும் ஒருவனை நெஞ்சில் வாங்கிக்கொண்டாள். தகப்பன் வேலைக்குப் போன இடம் தூரம். அத்தைக்காரி மறுநாள்தான் வர முடியும். இன்னொருவனை முரண்டு தன் யூனிஃபாரத்துக்குள் வைத்துக் கட்டிக்கொண்டாள்.

கேம்ப் சார் விடிந்ததிலிருந்தே பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பித்தளைத் தகடு பளபளத்தது. கம்பளியெல்லாம் கட்டிலுக்கடியில் போயிற்று. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது, உள்ளே காலி. சின்ன சிஸ்டரைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டு லாரிக்காரரிடம் போனாள்.

"அண்ணா... சார் குழந்தையைக் கேக்கறாரு."

லாரிக்காரர் சட்டையின் மேல் பட்டனையும் போட்டுக்கொண்டார். "தூங்குறா" என்றார். அவ்வளவுதான். அந்த உடம்பிலிருந்து அதைப் பிடுங்க அங்கே யாருக்கும் கை நீளம் போதாது.

கார் வந்தது. மேடம் நரைத்த தலையும் வெயிலில் சிவந்த முகமுமாக இறங்கினார், பின்னாலேயே கேமராக்காரர். கட்டில் கட்டிலாகக் கை குலுக்கிக்கொண்டே வந்தவர் முரண்டின் யூனிஃபாரம் புடைத்திருப்பதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "அட, இந்த நிலைமையிலும் வேலை செய்யறீங்களே! எத்தனாவது மாசம்?"

"எனக்கில்லைங்க. இவனுக்கு எட்டாவது மாசம்" என்று யூனிஃபாரத்தைக் கொஞ்சம் விலக்கிக் குல்லாயைக் காட்டினாள் முரண்டு. மூலைக் கட்டிலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மேடம் சிரிக்கவில்லை. பெட்டியைப் பார்த்தார். "இது இருக்கும்போது ஏன் உங்க உடம்புல?"

"சிஸ்டர் வந்து..." என்று கேம்ப் சார் நடுவில் புகுந்தார்.

"நான் சொல்றேன் சார்." முரண்டு பெட்டியின் பக்கத்து ஜன்னலைத் திறந்தாள். "மேடம், கையை உள்ள வைங்க. சூடா இருக்கா?"

"நல்லா இருக்கே!"

"அப்படியே வெச்சிருங்க. எடுக்காதீங்க." முரண்டு குனிந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

சிவப்பு விளக்கு அணைந்தது. கேம்ப் சார் "சிஸ்டர்!" என்றார். அதற்கப்புறம் எந்தச் சத்தமும் இல்லை. பெட்டி கத்தவில்லை. மேடம் கையை உள்ளே வைத்தபடி நின்றார். கேமராக்காரர் எதைப் படம் எடுப்பதென்று தெரியாமல் கேமராவைத் தாழ்த்தினார். சாலையில் லாரிகள் போயின. சமையலறையில் பாத்திரம் விழுந்தது. நின்று நின்று வலித்து மேடம் காலை மாற்றிக்கொண்டார். எல்லாரும் மேடம் கையையே பார்த்தார்கள்.

"ஆறிடுச்சு" என்றார் மேடம் கடைசியில்.

"இது பகல். வெளியே வெயில். உங்க கை பெரிய கை. இங்க கரண்ட் தினம் போகும், போனா இந்தப் பெட்டி வாயைத் திறந்து சொல்லாது. நானே ஒரு தடவை ஏமாந்தேன். அந்தக் குழந்தைதான் அங்க இருக்கா."

மேடம் மெதுவாக லாரிக்காரரிடம் போனார். தொடலாமா என்று கண்ணாலேயே கேட்டார். அவர் ஒரு பட்டனை மட்டும் கழற்றினார். மேடம் அதே கையை உள்ளே விட்டார், சட்டென்று எடுக்கவும் இல்லை.

"எங்க ஊர்ல தெருத் தெருவாப் போய்ச் சொல்லி வாங்கின பெட்டி இது" என்றார் திரும்பி. குரலில் கோபம் இருந்தது. "நாங்க என்ன முட்டாள்களா?"

"இல்லைங்க. பெட்டி கொடுத்தீங்க. கரண்ட் கொடுக்கலை. அவ்வளவுதான்."

"மருந்து வண்டி யார் தயவில்..." என்று கேம்ப் சார் முனகினார்.

"அதையும் சொல்லிடறேன். மருந்து வண்டி வேணும். நிச்சயமா வேணும். ஆனா அதுக்கு விலையா இந்தக் குழந்தையைக் கேட்டா, கொடுக்க மாட்டேன். வண்டியை நிறுத்தறதும் அனுப்பறதும் உங்க மனசு."

படம் எடுக்கட்டுமா என்று கேட்ட கேமராக்காரரிடம் மேடம் வேண்டாம் என்று கையைக் காட்டினார். காரில் ஏறும்போது முகம் இறுகியிருந்தது. வண்டி வரும், வராது என்று ஒரு வார்த்தை சொல்லாமலே போய்விட்டார்.

புழுதி அடங்கும் முன்பே கேம்ப் சார் வார்டுக்குள் வந்தார். "திருப்தியா? மூட்டையைக் கட்டுங்க. ஜீப் நிக்குது."

முரண்டு முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். வார்டே எழுந்து உட்கார்ந்தது.

"அக்கா!" என்றாள் சின்ன சிஸ்டர்.

"சார் சொல்லிட்டாரு இல்ல? வர்றேன் சார். இவனை யாருகிட்டக் கொடுக்க?"

கேம்ப் சார் சின்ன சிஸ்டரைப் பார்த்தார்.

சின்ன சிஸ்டர் ஓர் அடி பின்னால் போனாள். பயந்துபோயிருந்தாள். ஆனாலும் சொன்னாள்: "அக்கா போயிட்டா வார்டுல நான் ஒருத்திதான் சார். எனக்கு ரெண்டு கையும் வேணும். குனியணும், ஓடணும். நான் வாங்க மாட்டேன்."

கேம்ப் சார் லாரிக்காரரைப் பார்த்தார். அங்கே இடம் காலியில்லை. கடைசியாகப் பெட்டியைப் பார்த்தார். அதில் வை என்று சொல்லியிருக்கலாம். மேடம் கையை விட்ட ஜன்னல் திறந்தபடியே கிடந்தது. சொல்ல வாய் வரவில்லை.

"பட்டனைக் கழட்டுங்க சார்" என்றாள் முரண்டு.

"என்னது?"

"உங்க நெஞ்சு சும்மாத்தானே கிடக்கு?"

"சிஸ்டர், விளையாடாதீங்க. நான் ஜீப்புல போகணும்."

"நானும் போகணும். நாம ரெண்டு பேரும் போயிட்டா இவன் எங்க போவான்? சொல்லுங்க, அங்க கொடுத்துட்டு ஏறிடறேன்."

"கழட்டட்டும்!" என்றது மூலைக் கட்டில்.

லாரிக்காரர் தன் பக்கத்து நாற்காலியைக் காலால் நகர்த்திப் போட்டார். "உக்காருங்க சார். மொதல்ல மூச்சு முட்டும். அப்புறம் பழகிடும்."

கேம்ப் சார் நின்றார், வாசலைப் பார்த்தார், ஜீப் டிரைவர் ஹாரன் அடிப்பதைக் கேட்டார். முரண்டின் கைகளில் இருந்த பொடியன் வெளிக்காற்று பட்டு முகத்தைச் சுருக்கினான். உதடு கோணியது. அந்தக் கோணலைப் பார்த்ததும்தான் கேம்ப் சார் பொத்தென்று உட்கார்ந்து வெள்ளைச் சட்டையின் பட்டன்களைக் கழற்றத் தொடங்கினார். முரண்டு குழந்தையை வைத்து, முகத்தைத் திருப்பி, விரிப்பைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"எவ்வளவு நேரம்?" என்றார் அவர், உதடு அசையாமல்.

"அவன் சொல்லுவான்."

ஹாரன் இன்னொரு முறை அடித்தது. "அடிக்காதேன்னு சொல்லுங்க, தூக்கம் கெட்டுடும்" என்றார் கேம்ப் சார், அடிக்குரலில்.

சற்றுப் பொறுத்து, "சிஸ்டர், ரொம்ப சூடா இருக்கே. ஜுரமா?" என்று பதறினார்.

முரண்டு உள்ளே கை விட்டுப் பார்த்தாள். "ஒண்ணுக்குப் போயிருக்கான் சார்."

லாரிக்காரர் சிரித்த சிரிப்பில் அவர் மகள் மேலும் கீழும் போய் வந்தாள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் முரண்டின் போன் அடித்தது. அக்கா.

"துணி வெட்டியாச்சு. இழுத்தா நீளுற துணி. முடிச்சே வேணாம், தலை வழியா மாட்டிக்கலாம். சுருங்கச் சொல்லு, அளவு என்ன?" வாயில் குண்டூசி இல்லை. வார்த்தை தெளிவாக வந்தது.

முரண்டு கட்டில்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். "நடுத்தரம் நிறைய தை. பெருசு ரெண்டு. ஒண்ணு மலை மாதிரி ஆளுக்கு."

"இன்னொண்ணு?"

"சாருக்கு."

"எனக்கெதுக்கும்மா?" என்றார் கேம்ப் சார். "நாளைக்குத்தான் அத்தைக்காரி வந்துடுவாளே. நாளைக்குப் பேசிக்கலாம் உங்க விஷயத்தை."

"பேசலாம் சார். நாளைக்கும் நான் ஏற மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"யாருடி அது? என்ன ஏறுறது? ஊருக்கு அனுப்பறாங்களா உன்னை?" என்றாள் அக்கா போனில்.

"அனுப்பப் பாக்கறாங்க."

"நீ வர்றியா?"

"வரலை."

மறுமுனையில் தையல் மெஷின் ஓடத் தொடங்கியது. அந்த ஓட்டத்துக்கு மேலாக அக்கா கத்தினாள்: "முரண்டு! சரி, கலர் சொல்லு. வெள்ளை மட்டும் கேக்காதே, அழுக்கு தாங்காது."

முரண்டு கேம்ப் சாரின் சட்டையைப் பார்த்தாள். மஞ்சளாக ஒரு ஈரம் கீழ்நோக்கிப் படர்ந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. குனிந்து, குல்லாய் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளை வேணாங்கா" என்றாள்.